எட்டுத் துண்டு தில்பசந்த்

எனக்கு மறதி அதிகம். அடுப்பில் பால் வைத்ததை மறப்பேன், குடையைப் பஸ்ஸில் மறப்பேன், கல்யாண நாளை மறந்து வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் ஒருத்தர் எனக்குச் செய்ததை மட்டும் மறக்க மாட்டேன். இது நல்ல குணம் இல்லை என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் யார் யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதம் நான் வீட்டில் தில்பசந்த் செய்யப் பழகினேன். ஆசைப்பட்டுத் தின்பதற்காக இல்லை. என் பெரியம்மாவைப் பழிவாங்குவதற்காக.

தில்பசந்த் தெரியாதவர்கள் இருக்கலாம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக இருக்கும். மேலேயும் கீழேயும் பொறை என்கிற மைதா மாவு அடுக்கு, நடுவில் சர்க்கரை போட்டுப் பிசறிய தேங்காய்த் துருவல், அதற்குள் சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் முக்கோணமாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் மணிமங்கலத்தில் பேக்கரி கிடையாது. பெரியப்பா தாம்பரத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வரும்போது முழு வட்டமாக ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவருவார். எங்கள் வீட்டில் யார் வாயிலும் 'தில்' நுழையாது. பசந்து என்றுதான் சொல்வோம். பசந்து என்றால் அருமை; எங்களுக்கு அது பெயர்ப்பொருத்தமாகத்தான் இருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் நான்கு பேர், என் அப்பா, அம்மா, நான். மொத்தம் ஒன்பது பேர். பெரியம்மா அந்த வட்டத்தைப் பலகைமேல் வைத்து, கத்தியை நடுவில் இறக்கி, நான்கு கோடு போட்டு எட்டாக வெட்டுவாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, "எட்டுக்கு எட்டு சரியாப் பூட்ச்சு" என்பாள். வாராவாரம் அதே வார்த்தை. ஒன்பதாவது ஆள் என் அம்மா. நான் என் துண்டை நீட்டினால், "எனக்கு இனிப்பு ஆவாதும்மா, நீ துன்னு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் நம்பித் தின்றேன். ஒன்பது வயசில் அம்மா சொல்வது வேதவாக்கு, அதுவும் கையில் பசந்து இருக்கும்போது.

ஒரு சனிக்கிழமை பெரியம்மா வழக்கம்போல எட்டாக வெட்டி, கம்பிவலை போட்ட அலமாரிக்குள் வைத்தாள். சாயங்காலம் டீ போட்டுவிட்டுத் திறந்தால் ஏழுதான் இருந்தது. எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். அன்று தெருமுனைக் கடையில் கலர் மிட்டாய் வாங்கித் தின்றிருந்தேன். என் உதடும் நாக்கும் டூட்டி ஃப்ரூட்டி மாதிரியே செக்கச்செவேல் என்று இருந்தன. "இதோ கீறா திருடி" என்றாள் பெரியம்மா.

நான் மிட்டாய் என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா சமையற்கட்டிலிருந்து விறகுக் குச்சியோடு வந்தாள். அப்போது தம்பி அவள் வயிற்றில் இருந்தான். அந்த வயிற்றோடு குனிந்து குனிந்து என் காலில் அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். அதோடு வழக்கு முடிந்தது. பெற்றவளே அடித்துவிட்டாள் என்றால் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து எனக்குப் பெயர் பசந்து. "பசந்து வந்துட்டா, டப்பாவ மூடு." நான் பெரிய மனுஷியான அன்று புட்டுச் சுற்ற வந்த பெண்களிடம் பெரியம்மா இந்தக் கதையைச் சொன்னாள். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம், "இவள ஸ்வீட்டு பந்திக்கு மட்டும் உடாதீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். என் மாமியாரும் சிரித்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். எனக்கு ஊர் வாய் வேண்டாம், அந்த ஒரு வாயை மூடினால் போதும் என்று இருபத்துமூன்று வருஷம் கறுவிக்கொண்டிருந்தேன். ஆனாலும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பொறுமை போனது அந்த வருஷப் பொங்கலில். என் மகளுக்கு ஆறு வயசு. மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அதற்குள் வீடு இரண்டாகப் பிரிந்து, முன்கட்டில் பெரியம்மா குடும்பமும் பின்கட்டில் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். அப்பா இல்லை. என் மகள் முன்கட்டில் போய் முறுக்கு டப்பா பக்கத்தில் நின்றிருக்கிறாள். கையைக்கூட நீட்டவில்லை. பெரியம்மா தன் மருமகளைக் கூப்பிட்டு, "ஏய், சின்னப் பசந்து வந்து நிக்கிது பாரு, டப்பாவ எடுத்து மேல வை" என்றாள். குழந்தை என்னிடம் வந்து, "அம்மா, பசந்துன்னா இன்னா?" என்று கேட்டது.

அந்த நிமிஷம் முடிவு செய்தேன். இந்தப் பெயர் என்னோடு போக வேண்டும். என் மகள் தலையில் ஏறக் கூடாது. அடுத்து எல்லோரும் கூடுகிற ஆடிக் கிருத்திகையில் பெரியம்மாவே தன் வாயால், சொந்தக்காரர்கள் நடுவில், நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சும்மா போய்க் கேட்டால் சிரித்துத் தள்ளிவிடுவாள். பசந்தை என் கையால் செய்து, அவள் முன்னால் வைத்து, "திருடி செஞ்சது, துன்னுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சை எடுக்க வேண்டும். கடையில் வாங்கிப் போனால் அதிலும் குறை சொல்வாள்.

நாங்கள் அப்போது படப்பையில் குடியிருந்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு டப்பா கம்பெனியில் எனக்கு வேலை. பெயிண்ட் அடைக்கிற டப்பாக்களும் மூடிகளும் செய்கிற இடம். நான் செக்கிங்கில் இருந்தேன். மூடியில் நகக்கண் அளவு நசுங்கல் இருந்தாலும் தூக்கி ரிஜெக்ட் கூடையில் போட வேண்டும். அடுத்தவர் குறையைக் கண்டுபிடிப்பதற்கு என்னை உட்காரவைத்தவர் என் ஜாதகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு எதிரே உட்காரும் என் வயசுக்காரி மாதாகோயில் தெருவைச் சேர்ந்தவள். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் செய்துகொண்டு வருவாள். கேக் சுடுகிற 'ஓவன்' என்கிற சாமானை நாங்கள் இருவருமே கண்ணால் பார்த்ததில்லை. அவள் செய்வது மணலில். சாப்பாட்டு வேளையில் கேட்டேன்.

"மண்ண சலிச்சி, கழுவி, காயவச்சிக்கோ. பெரிய குண்டான்ல ரெண்டு விரக்கட ஒசரத்துக்குக் கொட்டி மூடிப் போட்டு சூடேத்து. நல்லா சூடானப்புறம் தட்ட உள்ள எறக்கு. மூடிமேல கரி நெருப்பு போடு. கீழயும் மேலயும் ஒண்ணா வேவணும். தொறந்து தொறந்து பாக்காத."

"பாக்காம எப்படித் தெரியும்?"

"வாசன வரும். உனுக்கு அவசரம் ஜாஸ்தி, அதான் பயமா கீது."

வட்டத் தட்டுக்கு டிரம் மூடி ஒன்று தேவைப்பட்டது. பெயிண்ட் பூசாத, ஓரம் சற்றே கோணிய ரிஜெக்ட் மூடி ஒன்றை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் கேட் பாஸ் கேட்டேன். இன்னாத்துக்கு என்றார். பழிவாங்க சார் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தார். உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

படப்பையில் எங்கள் தெரு முழுக்கப் பிளாட் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், மணலுக்குப் பஞ்சமில்லை. வார லீவு நாளில் முதல் பசந்து செய்தேன். வனஸ்பதியும் மைதாவும் பாலும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு வட்டமாகத் தேய்த்து, நடுவில் தேங்காயை வைத்து, ஓரத்தைச் சோமாசிக்கு மடிப்பதுபோல மடித்தேன். ஸ்டவ்வைப் பெரிதாக வைத்துவிட்டேன். அடி கரிக்கட்டை, மேலே பச்சை மாவு. என் வீட்டுக்காரர் மேல்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத எடுத்துக்கினு போய் உங்க பெரியம்மா மேல வீசினாலே போதும்" என்றார். அடுத்த வாரம் இளந்தேங்காய் போட்டுவிட்டேன். தண்ணீர் விட்டுக்கொண்டு மாவெல்லாம் களி.

மூன்றாவது வாரம் தேங்காயை வாணலியில் லேசாகப் புரட்டி ஆறவைத்துப் போட்டேன். ஸ்டவ்வைச் சின்னதாக வைத்து, முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் வாசனை வந்தது. தாம்பரம் பேப்பரைப் பிரிக்கும்போது வருகிற அதே வாசனை. திறந்தால் பொன் நிறத்தில் உப்பி உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வாயில் வைத்தால் அது இல்லை. தேங்காய் சரி, மாவு சரி, பதம் சரி. ஏதோ ஒன்று குறைந்தது. ஏலக்காயா, ஜாதிக்காயா, வெண்ணெயா, ஒன்றும் பிடிபடவில்லை. தினமும் ஆயிரம் மூடியில் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு நாக்கில் இருந்த குறை தெரியவில்லை.

அன்று மத்தியானம் அம்மா வந்திருந்தாள். பெரியம்மாவைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா ஒரு துண்டை வைத்து, "இனிப்பு ஆவாதுன்னு சொல்லாத, நான் செஞ்சது, ஒரு வாய் துன்னு" என்றேன். அம்மா ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"உப்பு பத்தல" என்றாள். "அடிப்பொறையில உப்பு இருக்கணும். மொதல்ல நாக்குல உப்பு படும், அப்புறந்தான் தேங்கா இனிக்கும்."

சொன்ன உடனே எனக்கும் நாக்கில் தட்டியது. உப்புதான். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் தின்ற அந்த உப்பு. ஐயோ இதுதானே என்று எழுந்து உப்பு ஜாடியை எடுக்கப் போனேன். ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பினேன்.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்? நீதான் துன்னதே இல்லயே."

அம்மா மீதித் துண்டைத் தட்டில் வைத்தாள். புடவையில் ஒட்டியிருந்த தூளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"ஒரே ஒரு தடவ" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். பாவம் என்னைப் பெற்றவளிடமே இருந்திருக்கிறது. தின்றவளே என்னை அடித்திருக்கிறாள். பெரியம்மா மேல் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் அம்மா மேல் திரும்பியது. "என்ன எப்படிம்மா அடிச்ச நீ? உனக்குக் கை வந்துதா?" என்று கத்தினேன். மகள் பயந்து வெளியே ஓடிவிட்டாள்.

"கொயந்த எடுத்துட்டான்னா நாலு நாள் பேசுவாங்க" என்றாள் அம்மா. "வூட்டுக்கு வந்தவ எடுத்துட்டான்னா தாய் வூடு வரைக்கும் பேசுவாங்க. இவ்ளோ நாள் பேசுவாங்கன்னு தெரிலம்மா."

நான் உப்பு ஜாடியை இறுக்கி மூடினேன். பேசினால் வேண்டாத வார்த்தை வந்துவிடும். அவளே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உன் தம்பி வயித்துல அஞ்சு மாசம். எத பாத்தாலும் கொமட்டும், அது ஒண்ணுதான் வேணும்னு இருக்கும். சனிக்கெயம வந்தா அந்தப் பேப்பர் வாசனைக்கே வாயில தண்ணி ஊறும். அக்கா வெட்டறப்போ நான் பக்கத்துலதான் நிப்பேன். எட்டு வெட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு தடவகூட என் மூஞ்சப் பாக்கல."

மசக்கைக்காரி வாய்க்கு ருசியாகக் கேட்டால் எதிரி வீட்டிலிருந்தாவது வாங்கிக்கொடுப்பார்கள் எங்கள் பக்கத்தில். என் அம்மா கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை. ஒரு வட்டத்தை ஒன்பதாக வெட்டுவது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். பெரியம்மா தன் துண்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்திருக்கலாமே. என் அப்பாவும்தான் கொடுத்திருக்கலாம். அவர் தின்றுவிட்டு விரலைச் சப்பியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மாவை நான் அன்று மன்னிக்கவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் என் திட்டம் கெட்டுப்போனது தெரிந்தது. நான் எடுக்கவில்லை என்று பெரியம்மாவைச் சொல்லவைத்தால், பின்னே யார் எடுத்தது என்று அடுத்த கேள்வி வரும். என் பெயரைக் கழுவினால் அழுக்குத் தண்ணீர் அம்மா தலையில்தான் விழும். இரண்டு நாள் மூடிகளைத் தட்டிக்கொண்டே யோசித்தேன். மூன்றாம் நாள், "எட்டுக்கு எட்டு சரியாப் பூட்ச்சு" என்ற குரல் காதில் கேட்டது. அப்போது புரிந்தது, என்ன செய்ய வேண்டும் என்று.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் குடும்பம் முழுக்க வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு மணிமங்கலத்தில் பெரியம்மா வீட்டில் சாப்பிடுவது வழக்கம். முந்தின நாள் லீவு போட்டு, மாவில் உப்பைச் சரியாகப் போட்டு, நான்காவது பசந்தைச் செய்தேன். மணலுக்கும் எனக்கும் அதற்குள் சிநேகம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்கு அன்று ஷிப்ட். நானும் மகளும் டிரம் மூடியோடு துணியில் கட்டி எடுத்துப்போனோம்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்கட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மூத்த மகன், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அம்மா, தம்பி, என் மகள். நான் துணியை அவிழ்த்தேன். பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அட, பசந்து" என்றார்.

"பசந்தே பசந்து செஞ்சிகினு வந்துக்கீதா?" என்று பெரியம்மா சிரித்தாள். வழக்கம்போல நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பலகையும் கத்தியும் கேட்டு வாங்கினேன். நடுவில் இறக்கி, நான்கு கோடு போட்டேன். முதல் துண்டை அம்மாவுக்கு வைத்தேன். அடுத்தது பெரியப்பாவுக்கு. பிறகு அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், தம்பி, என் மகள். பலகை காலி. கையைத் தட்டிக்கொண்டு, "எட்டுக்கு எட்டு சரியாப் பூட்ச்சு" என்றேன்.

பெரியம்மா நீட்டிய தட்டு நீட்டியபடி இருந்தது. "எனக்கு எங்கடி?"

பெரியம்மாவை நான் எப்போதும் நீ என்றுதான் சொல்வேன். கோபம் உச்சிக்குப் போனால்தான் எனக்கு மரியாதை வரும். "உங்களுக்குத்தான் புடிக்காதே பெரியம்மா" என்றேன்.

"எவ சொன்னா எனக்குப் புடிக்காதுன்னு?"

"எங்கம்மாக்குப் புடிக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க? முழுகாம இருந்தவ பக்கத்துல நிக்கிறப்போ வாராவாரம் எட்டாத்தான வெட்னீங்க. ஒரு வாரமாவது கேட்டீங்களா?"

பெரியம்மா சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "ஓகோ, அதுக்குத்தான் திருட்டுத்தனமா எடுத்துத் துன்னியா?" என்றாள்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன்" என்றேன். "எங்கம்மாக்குக் குடுக்க எடுத்தேன். நீங்க குடுக்கல, நான் எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கா இருந்தாலும் எடுப்பேன்."

பொய்தான். ஆனால் அடி வாங்கியது நான், பெயர் வாங்கியது நான். அந்தத் துண்டு அன்றைக்கே எனக்குச் சொந்தமாகிவிட்டது, அதை யாருக்குக் கொடுத்தேன் என்று சொல்வதும் என் இஷ்டம். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பசந்து என்று இனி யாராவது கூப்பிட்டால் அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது.

அதுவரை அம்மா தலைகுனிந்து தின்றுகொண்டிருந்தாள். முழுத்துண்டையும் தின்று முடித்தாள். விரலை வாயில் வைத்துத் துடைத்துக்கொண்டு, பெரியம்மாவை நேராகப் பார்த்தாள்.

"அவ எடுக்கலக்கா" என்றாள். "அவ சும்மா சொல்றா. அன்னிக்கு நான் துன்னப்பவும் இதே உப்புதான் இருந்திச்சி."

பெரியப்பா கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தார். பெரியம்மா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், காலிப் பலகையைப் பார்த்தாள். அண்ணி பாவம், அவளுக்கு இந்தக் கதையில் பங்கில்லை. தன் துண்டில் பாதியைப் பிட்டு மாமியாரிடம் நீட்டினாள்.

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு இனிப்பு ஆவாது" என்றாள்.